ஏழுக்குக் கீழே இருந்தால் நல்லதுதானே?

ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. இப்போது மாதம் ஒருமுறை நானும் கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளர் வரிசை வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன். முப்பத்து நான்கு வருடம் தாதியாக மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து "அடுத்த ஆள் வாங்கோ" என்று கூப்பிட்டவளுக்கு, கூப்பிடும்வரை காத்திருப்பது என்னவென்று இந்த வயதில்தான் விளங்குகிறது. வாங்கில் இருப்பவருக்கு வேறு வேலை இல்லை. அதனால் எல்லாம் கண்ணில் படும், காதில் விழும். சென்ற மாதம் என் காதில் விழுந்த ஒன்றுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் நான் விட்ட பிழையைச் சொல்லவேண்டும். என் பிழையை மறைத்துக்கொண்டு, இப்போது அந்த மேசையில் இருக்கும் உங்களைத் திருத்த வந்தால் நீங்கள் கேட்க மாட்டீர்கள், கேட்கத் தேவையுமில்லை.

இரத்த அழுத்தம் பார்ப்பது, ஊசி போடுவது, காயம் கட்டுவது எல்லாவற்றிலும் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர். அவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நீரிழிவு என்கிற சீனி வருத்தக் கிளினிக்கில் ஒருவர் ஒரு இலக்கத்தைச் சொல்லும்போது நாங்கள் என்ன சொல்கிறோம் என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் வேலைக்கு வந்த காலத்தில் சனத்துக்குத் தெரிந்தது ஒரே சொல். சீனி. அது கூடியிருக்கும், இல்லாவிட்டால் குறைந்திருக்கும். இப்போது வருகிறவர்கள் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு மாச்சத்துக் குறைந்த சாப்பாடு, இன்சுலின் எதிர்ப்பு, கீற்றோன், மூன்று மாதச் சீனி என்று அடுக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் எழுந்து போனபின் எங்களில் சிலர் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். அந்தச் சொற்களை அவர்கள் பயத்தில் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். எந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

புத்தூரில் இருந்து ஒரு தோட்டக்காரர் வருவார். கிளினிக்கில் வெறும் வயிற்றில் பார்த்தால் அவருடைய சீனி எப்போதும் நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து. அவரை உதாரணம் காட்டி மற்றவர்களை ஏசுவேன். ஒருமுறை காலில் ஆறாத புண்ணோடு வந்தார். இந்தச் சீனிக்கு இந்தப் புண் ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்.

"கிளினிக்குக்கு முதல் இரண்டு நாளும் சோறு, பிட்டு ஒண்டும் தொடமாட்டன் மிஸி. உங்களிட்டை ஏச்சு வாங்கேலாது."

நோயைக் குறைக்க அவர் பட்டினி கிடக்கவில்லை. எனக்குப் பயந்துதான் கிடந்தார். வெறும் வயிற்றுச் சீனி அந்தக் காலையை மட்டும் சொல்லும். மூன்று மாதச் சீனி என்று நாங்கள் சொல்வது அப்படியல்ல. செங்குருதிக் கலங்களில் கடந்த இரண்டு மூன்று மாதம் ஒட்டிய சீனியை நூற்றுக்கு எவ்வளவு என்று அது கணக்குக் காட்டும். இரண்டு நாள் பட்டினியால் அதை ஏமாற்ற முடியாது. அன்றிலிருந்து நான் மூன்று மாதச் சீனியில் மட்டும் நம்பிக்கை வைத்தேன். எங்கள் டொக்டர் பெரும்பாலானோருக்கு வைத்த எல்லை ஏழு. "ஏழுக்குக் கீழை கொண்டு வாங்கோ" என்று ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் சொன்னேனோ தெரியாது. யாரைக் கண்டாலும் அதையே சொன்னேன். எதில் ஏழு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மரியதாஸ் என்று ஒருவர். குருநகர்க் கடற்றொழிலாளி. தாஸ் அண்ணை என்று கூப்பிடுவேன். அவருடைய மனைவி றீற்றா சந்தையில் மீன் விற்பவர். என் வீட்டுக்கு மீன் அவரிடம்தான். தாஸ் அண்ணையின் தகப்பனாருக்குச் சீனி வருத்தத்தில் ஒரு கால் எடுத்தது. கடைசிப் பத்து வருடமும் கடலைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தே மனிதர் போனார். தாஸ் அண்ணைக்கு அந்தக் கதிரைதான் பயம். "செத்தாலும் பரவாயில்லை மிஸி, கரையிலை குந்தியிருக்க ஏலாது" என்று முதல் நாளே சொன்னவர்.

லண்டனில் இருக்கும் மகள் ஒரு சீனி பார்க்கும் மெசினும், சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் துண்டுகளும் அனுப்பியிருந்தாள். மாச்சத்துக் குறைந்த சாப்பாடு பற்றிய காணொளிகளையும் அனுப்பினாள். தாஸ் அண்ணை ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். சோறு, பாண், பிட்டு, கூழ் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினார். மீன்கார வீடு, மீனுக்குக் குறைவில்லை. மீனும் கீரையும் முட்டையும் தின்று ஒன்றரை மாதத்தில் ஆறு கிலோ குறைந்தார். சிறுநீர்த் துண்டு ஊதா நிறமாக மாறினால் உடம்பு கொழுப்பை எரிக்கிறது, அதுதான் கீற்றோன் என்று வாங்கில் பக்கத்தில் இருந்தவர்களுக்கு வகுப்பெடுத்தார்.

அவர் சொன்னதில் பெரிய பிழை இல்லை. மாச்சத்தைக் குறைத்தவருக்குக் கொஞ்சம் கீற்றோன் வருவது வழமை. ஆனால் உடம்பில் இன்சுலினே சுரக்காமல் ஊசியில் வாழ்கிற ஒருவருக்குச் சீனியும் ஏறி, கீற்றோனும் ஏறி, வாந்தியும் வந்தால் அது வேறு சங்கதி. இரத்தம் புளிக்கிறது என்று பொருள். உடனே ஆஸ்பத்திரி வாட்டுக்கு அனுப்ப வேண்டும். துண்டு இருவருக்கும் ஒரே ஊதாவைத்தான் காட்டும். யாருடைய துண்டு, அவருடைய சீனி எவ்வளவு, ஊசி போட்டாரா என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். தாஸ் அண்ணையிடம் அதைக் கேட்டேன். ஊசிக்காரர் இல்லை, விழுங்குகிற மாத்திரை, குளிசைதான். சரி என்று திருப்திப்பட்டேன். குளிசையைப் பற்றிக் கேட்க வேண்டிய மற்றக் கேள்வியைக் கேட்கவில்லை.

அவருக்கு இரண்டு குளிசை. அதில் ஒன்று, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. உடம்பைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். ஒரு கோப்பை சோற்றுக்குக் கணக்குப் பார்த்து எழுதிய குளிசை அது. சோற்றை நிறுத்தியவர் அதே அளவைப் போட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்திருந்தது என்பதுதான் என் குற்றம்.

அன்று தாஸ் அண்ணை ஒரு சின்னக் கொப்பியை நீட்டினார். மெசினில் பார்த்ததை ஒவ்வொரு நாளும் எழுதியிருந்தார். ஆறு தசம் ஒன்று, ஐந்து தசம் நான்கு, நான்கு தசம் எட்டு, நான்கு தசம் இரண்டு. மேலிருந்து கீழே ஒழுங்காக இறங்கியது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர். அவருக்கு முன் வந்தவருடைய மூன்று மாதச் சீனியை அப்போதுதான் எழுதி முடித்திருந்தேன். மனம் அங்கேயே நின்றது.

"ஏழுக்குக் கீழை இருந்தால் நல்லதுதானே மிஸி?"

"ஓம்."

அவ்வளவுதான். அந்த ஒரு சொல். அவர் முகம் மலர்ந்து போனார். "குளிசையைக் கிரமமாப் போடுங்கோ, விடாதையுங்கோ" என்று முதுகுக்குப் பின்னால் வேறு சொல்லிவிட்டேன்.

எங்கள் நாட்டு மெசின்கள் நூறு, நூற்றிருபது என்று காட்டும். லண்டன் மெசின் வேறு அளவையில் காட்டும். அதன் இலக்கத்தைப் பதினெட்டால் பெருக்கினால்தான் எங்கள் இலக்கம் வரும். நான்கு தசம் இரண்டு என்றால் எழுபத்தாறு. எழுபதுக்குக் கீழே போனால் ஆபத்து. குளிசை போடுகிற ஒருவர் அந்த இடத்திலேயே நின்று யோசிக்க வேண்டும். தாஸ் அண்ணையோ ஏழு என்ற எல்லையை மூன்று மாதச் சீனிக்கு நான் சொன்னதாக அறியாமல், மெசினுக்கு என்று எடுத்துக்கொண்டார். கீழே போகப் போக நல்லது என்று நினைத்தார். ஏன் நினைக்கமாட்டார்? கேட்டு உறுதிப்படுத்தினாரே.

மூன்று கிழமை கழித்து, தவக்காலத்து வெள்ளிக்கிழமை. தாஸ் அண்ணையும் தம்பி சூசையும் ஒரே படகில் தொழில் செய்பவர்கள். அந்த நாற்பது நாளும் குடிப்பதில்லை என்று இருவரும் மாதா முன்னால் நேர்ந்திருந்தார்கள். அன்று ஒருசந்தி. காலையில் ஒன்றும் சாப்பிடக்கூடாது, பகலில் ஒரு நேரம் மட்டும் சாப்பாடு. தாஸ் அண்ணை வெறும் வயிற்றில் மெசினில் பார்த்தார். இரண்டு தசம் ஒன்பது. "றீற்றா, மூண்டுக்கும் கீழை வந்திட்டுது" என்று சந்தோசமாகச் சொல்லியிருக்கிறார். விடாதீர்கள் என்று நான் சொன்ன குளிசையை விடாமல் போட்டுக்கொண்டு, விடிந்தபின் நண்டு வலை இழுக்கப் படகேறினார்.

கடலில் நடந்ததைப் பின்னர் சூசைதான் சொன்னார். எட்டு மணி போல அண்ணன் வலையைத் தாறுமாறாக இழுத்தாராம். வேர்த்துக் கொட்டியதாம். கேட்டதற்கு நாக்குப் புரளாமல் ஏதோ சொல்லித் தம்பியைத் தள்ளினாராம். பிறகு படகின் அடியில் சரிந்து படுத்துவிட்டார். சூசைக்கு ஆத்திரம். நேர்த்தியை முறித்துக்கொண்டு எங்கேயோ ஒளித்துக் குடித்துவிட்டான் என்று நினைத்தார். அந்தக் கோபத்தோடு மிச்ச வலையெல்லாம் தனியாக இழுத்து முடித்துவிட்டுத்தான் கரைக்குத் திரும்பினார். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தாஸ் அண்ணை அப்படியே கிடந்திருக்கிறார்.

நான் அப்போது கிளினிக் மேசையில். தொலைபேசி அடித்தது. றீற்றாவின் இலக்கம். நல்ல மீன் வந்திருக்கு என்று சொல்லத்தான் எடுக்கிறார் என்று எண்ணி நிறுத்திவிட்டேன். திரும்பவும் அடித்தது. எடுத்தேன்.

"மிஸி, இவருக்கு மெசினிலை பாத்தனான். ஒண்டு தசம் ஒன்பது காட்டுது. நல்ல சீனிதானே? பின்னை ஏன் இவர் எழும்புறார் இல்லை?"

பதினெட்டால் பெருக்கினேன். முப்பத்து நான்கு. பயம் என்றால் என்னவென்று அதற்கு முன்னரும் தெரியும். ஆனால் நான் சொன்ன ஒரு சொல் இன்னொருவர் வாயில் கேள்வியாகத் திரும்பி வந்தபோது பட்ட பயம் வேறு.

"றீற்றா, அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ. கண் திறக்கிறாரோ பாருங்கோ."

"முனகுறார் மிஸி. கண் திறக்கேல்லை."

"வாயிலை ஏதும் பருக்கினனீங்களே?"

"சூசை தேசிக்காய்த் தண்ணி பருக்கிப் பாத்தவர். வெறி இறங்கட்டும் எண்டு. முழுக்க வெளியிலை வழிஞ்சிட்டுது."

"சீனி போட்டதே?"

"உப்புத்தான் போட்டது. இவருக்குச் சீனி வருத்தமெல்லே மிஸி, எப்பிடிச் சீனி போடுறது?"

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். நினைவோடு இருக்கிற ஒருவருக்கு அந்தக் கோப்பையில் மூன்று கரண்டி சீனி போட்டுக் கொடுத்தால் பிழைத்துவிடுவார். விழுங்கத் தெரியாமல் கிடக்கிறவருக்கு அதே கோப்பை மூச்சுக்குழாயில் போய் உயிரை எடுக்கும். நான் அங்கே இல்லை, கண்ணால் பார்க்க முடியாது. சீனித் தண்ணி கொடு என்று சொல்லத்தான் வாய் வந்தது. மனத்தைப் பிடித்து நிறுத்தினேன்.

"இனி ஒண்டும் குடிக்கக் குடுக்காதையுங்கோ. அவரை ஒரு பக்கமாச் சரிச்சுப் படுக்க வையுங்கோ. சீனியை விரலிலை தொட்டு, கீழ்ப்பக்கக் கன்னத்துக்குள்ளை மெல்லமாப் பூசுங்கோ. கொஞ்சம் போதும். ஒழுங்கை முடக்கிலை ஓட்டோ நிக்கும், உடனை கூப்பிடுங்கோ."

அதற்குள் சூசை தொலைபேசியை வாங்கிவிட்டார். "மிஸி, உவன் குடிச்சிட்டுக் கிடக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எங்கடை மானத்தை வாங்கேலாது. நித்திரை கொண்டு எழும்பட்டும்."

"சூசை, வாயிலை சாராயம் மணந்ததே?"

"இல்லை மிஸி," என்றார். குரல் உடைந்துவிட்டது.

"அப்ப கெதியா ஏத்துங்கோ. போகேக்கையும் சரிச்சே பிடியுங்கோ. குளிசைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கோ."

ஆஸ்பத்திரிக்கு நானே தொலைபேசி எடுத்து இலக்கத்தையும் அளவையையும் குளிசையின் பெயரையும் சொல்லி வைத்தேன். அவர்கள் ஊசியும் குளுக்கோசும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தாஸ் அண்ணை பிழைத்தார்.

பிழைத்தார் என்று எழுதி முடித்துவிடத்தான் எனக்கு ஆசை. சீனி இல்லாமல் மூளை கிடந்த அந்த நேரத்துக்கு ஒரு விலை இருந்தது. பேச்சு வந்தது, நடை வந்தது. பழைய பாட்டுகள் தெரியும், பிள்ளைகளைத் தெரியும். ஆனால் காலையில் நடந்தது மத்தியானம் மறந்துவிடும். படகேறினால் மண்டைதீவு எந்தப் பக்கம் என்று தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கரைக்கு வந்து சேரக்கூடிய மனிதர். இரண்டு கால்களும் சுகமாக இருக்க, கரையில் குந்தியிருந்து கிழிந்த வலை தைக்கிறார்.

இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. மேலதிகாரியிடம் என் பிழையை ஏற்கனவே எழுதிக் கொடுத்திருந்தேன், விளக்கமும் சொல்லியிருந்தேன். அது போதாது.

"தாஸ் அண்ணை, ஏழுக்குக் கீழை நல்லதோ எண்டு நீங்கள் கேட்டனீங்கள். கொப்பியைப் பாத்தும் யோசிக்காமல் ஓம் எண்டு சொன்னது நான். பிழை என்ரை."

அவர் சிரித்தார். "எண்டைக்கு மிஸி கேட்டனான்?" என்றார்.

கதவு நிலையில் நின்ற றீற்றாதான் பதில் சொன்னார். "எனக்கு ஞாபகம் இருக்கு."

அதற்குமேல் அவர் ஏசவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி தந்தார். இன்றும் சந்தையில் எனக்கு நல்ல மீனாகப் பார்த்துத்தான் எடுத்துத் தருவார். ஆனால் முன்பு மீன் வெட்டிக்கொண்டே என் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார். அந்தக் கதை நின்றுவிட்டது.

மாச்சத்தைக் குறைக்கிற சாப்பாடு இந்தக் கதையில் குற்றவாளி இல்லை. அது பலருக்கு நன்மை செய்ததை நான் பார்த்திருக்கிறேன். சாப்பாடு மாறினால், மாறுவதற்கு முன்னரே குளிசையின் அளவை டொக்டர் பார்க்க வேண்டும். அதற்கு யாராவது டொக்டரிடம் சொல்ல வேண்டும். யாராவது என்பது நாங்கள்தான், ஏனென்றால் சனம் முதலில் வாய் திறப்பது எங்கள் மேசையில். ஒருவர் ஒரு இலக்கத்தைச் சொன்னால் எந்த மெசின், எப்போது பார்த்தது, என்ன சாப்பிட்டீர்கள், என்ன குளிசை என்று கேளுங்கள். நேரம் இல்லை என்பீர்கள். எனக்கும் அன்று நேரம் இருக்கவில்லை.

இனிச் சென்ற மாதம். வாங்கில் எனக்கு ஐந்தாறு பேருக்கு முன்னால் தாஸ் அண்ணையும் றீற்றாவும். அவருடைய முறை வந்தது. மேசையில் உங்களில் ஒருவர், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிராது. அந்தத் தங்கச்சி இதை வாசித்தால் கோபிக்க வேண்டாம். அன்று எவ்வளவு சனம் என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தாஸ் அண்ணை கதிரையில் இருக்கவில்லை. நிமிர்ந்து நின்று, புதுநன்மை எடுக்கப் போகும் பிள்ளை செபம் ஒப்புவிப்பதுபோல் சொன்னார். "மிஸி, இது லண்டன் மெசின். இதிலை வாற இலக்கத்தைப் பதினெட்டாலை பெருக்கோணும். நான் சோறு குறைச்சுச் சாப்பிடுறனான். குளிசையின்ரை அளவு சரியோ எண்டு டொக்டரிட்டைக் கேக்கோணும்."

றீற்றா சொல்லிக் கொடுத்தது. ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஓட்டோவில் வரும்போது இரண்டு தரம் சொல்ல வைப்பாராம். ஏன் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. அந்த நாள் அவரிடம் இல்லை.

தங்கச்சி எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "ஓம் ஐயா, ஓம். அடுத்த ஆள் வாங்கோ," என்றார்.

றீற்றா திரும்பி வாங்கில் இருந்த என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். எழுந்தால் வரிசை போய்விடும், போனால் போகட்டும் என்று மேசைக்குப் போனேன்.

"தங்கச்சி, ஐயா இப்ப என்ன சொன்னவர்? ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ."

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, மெசினைப் பார்த்தது. சொல்லத் தெரியவில்லை. முகம் சிவந்துவிட்டது.

தாஸ் அண்ணைக்கு அவசரம் ஒன்றும் இல்லை. சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "மிஸி, இது லண்டன் மெசின்," என்று முதலில் இருந்து தொடங்கினார்.